திங்கட்கிழமைக் கல்

என் வீட்டுக்காரரின் கைகளை முதலிலேயே பார்த்திருந்தால் என் அப்பா எனக்கு வேறு மாப்பிள்ளை தேடியிருப்பார். பெண் பார்க்க வந்த அன்று அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன அடக்கம், என்ன பணிவு என்று அப்பா பூரித்துப்போனார். தாலி கட்டும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பத்து விரலில் நேராக இருந்தவை ஏழு. முதல் முடிச்சைப் போட முடியாமல் அவர் திணற, நாத்தனார் தன்னுடைய இரண்டு முடிச்சோடு சேர்த்து அதையும் அவளே போட்டுவிட்டாள். கணக்குப்படி பார்த்தால் நான் நாத்தனாரைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் சம்பங்கி. கோலார் தங்கவயலில், சுரங்கத்துக்குக் கீழே டிராம் வண்டி தள்ளும் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால், லைன் என்கிற எங்கள் கம்பெனி வரிசை வீடுகளின் கால்பந்து டீமுக்கு கோல்கீப்பர். புருஷன் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எழுதுவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதனால் தாராளமாக எழுதுகிறேன். என் பெயர் மங்கம்மா. பேத்தமங்களாவில் பிறந்து அந்த ஏரித் தண்ணீரைக் குடத்தில் மொண்டவள், கல்யாணமாகி வந்து அதே தண்ணீரைக் கம்பெனிக் குழாயில் சண்டை போட்டுப் பிடித்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவருடைய விரல்களின் கதையைக் கேட்டால் சிரிப்பும் வரும், கோபமும் வரும். வலது சுண்டு விரலின் நுனி எப்போதும் தொங்கியே இருக்கும். பந்து நேராக நுனியில் வந்து குத்தியதாம். பக்கத்து விரலின் நடு மூட்டு எலுமிச்சம்பழம் மாதிரி. அது பந்து செய்த வேலை இல்லை, டீம் செய்த வேலை. மூட்டு பிசகியதும் மற்றப் பத்துப் பேரும் வரிசையில் நின்று இழுத்தார்கள். இடது கட்டை விரல் பின்னுக்கு வளைந்தது வளைந்ததுதான். மணிக்கட்டைச் சுளுக்கு சுளுக்கு என்று மூன்று மாதம் எண்ணெய் போட்டு உருவினார். பிறகு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சின்ன எலும்பு விரிசல் விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் டிரஸ்ஸர் கோவிந்தனுக்கு இவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கால்ல ஆடற ஆட்டத்துல கையை ஒடச்சிகினு வர்றவன் நீ ஒருத்தன்தாண்டா" என்பார். "எத்தினி வாட்டி சொல்றது? விரல் பிசகினா இழுக்காதீங்க. பக்கத்து விரலோட சேர்த்துக் கட்டிட்டு என்னாண்ட வாங்க. இழுக்கறதுக்கு அது இன்னா தேர் வடமா?"

கோவிந்தனுக்கு வாரத்திலேயே கஷ்டமான நாள் திங்கட்கிழமை. ஏன் என்று சொல்லவேண்டும், இந்தக் கதையே அதில்தான் இருக்கிறது.

தங்கவயலில் ஞாயிற்றுக்கிழமை ஆடாத ஆம்பிளை கிடையாது. கால்பந்து, ஹாக்கி, பூப்பந்து, குத்துச்சண்டை, ஏதோ ஒன்று. ஆடினால் அடிபடும். ஆனால் ஆட்டத்தில் பட்ட அடிக்குக் கம்பெனியில் லீவு கிடையாது. சுரங்கத்துக்குக் கீழே பட்ட அடிக்கு உண்டு. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோளில் அடிபட்டவன் வாயை மூடிக்கொண்டு திங்கட்கிழமை காலை ஷிஃப்ட்டுக்குக் கூண்டில் ஏறிக் கீழே போவான். ஒரு மணி நேரம் கழித்து "ஐயோ" என்று கத்துவான். ஒரு கல் விழுந்திருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் ஆமாம் விழுந்தது என்பார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. எங்கள் லைனில் அதற்குப் பெயரே திங்கட்கிழமைக் கல்.

எனக்கு அது தப்பாகப் படவில்லை. கல்லுக்கு வாயா இருக்கிறது, நான் விழவில்லை என்று வந்து சொல்ல?

அறுபத்தேழாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்காருபேட்டை ரயில்வே டீமோடு பைனல். ஜனங்கள் இரண்டாயிரம் பேருக்குக் குறையாது. நான் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் ஒரு கோல் போட்டிருந்தோம். முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அவர்களுடைய சென்டர் ஃபார்வர்டு வலது மூலைக்கு மேலே ஒரு பந்து அடித்தான். என் வீட்டுக்காரர் பாய்ந்தார். பந்து விரலில் பட்டு வெளியே போனது. அவர் கையைத் தலைக்கு மேலே நீட்டியபடியே சரளையில் விழுந்தார். கை தரையில் ஊன்றிக்கொள்ள, உடம்பு மட்டும் முன்னால் போனது.

எல்லோரும் எழுந்து கத்தினோம். அவர் மெதுவாக எழுந்து எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோல் கம்பத்தைப் பிடித்துக் குனிந்து, உடம்பை ஒரு பக்கமாகத் திருப்பினார்.

"இன்னாடி, உன் ஊட்டுக்காரரு கம்பத்தைக் கொஞ்சிகினு கீறாரு" என்று பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அடுத்து வந்த கார்னர் பந்தை அவர் இடது கையால் குத்தி வெளியே தள்ளினார். என்ன ஸ்டைல், என்ன ஸ்டைல் என்று மைதானமே கூவியது. நாங்கள் ஜெயித்தோம். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை கடைவீதி முழுக்க ஊர்வலம் போனார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததை எல்லோரும் சிரிப்பு என்று நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தவரால் பனியனைக் கழற்ற முடியவில்லை. நான் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். தோள் வீங்கியிருந்தது.

"மூட்டு கழண்டு வெளிய வந்துடுச்சு மங்கா" என்றார். "கம்பத்துல சாஞ்சு திருப்புனேன். கடக்குன்னு உள்ள போயிடுச்சு."

"அப்பவே வெளிய வர்றதுக்கு இன்னா?"

"வந்தா? பத்துப் பேரா ஆடறதா? கோல்கீப்பருக்கு மாத்து ஆளு கிடையாது."

உண்மைதான். அந்தக் காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஆளை மாற்ற முடியாது. அடிபட்டாலும் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் டீம் ஓர் ஆள் குறைந்து ஆடவேண்டும். அதனால் அவர் நின்றார். யாருக்கும் தெரியாமல் நின்றார் என்பதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. அந்தப் பெருமையே பிறகு எங்கள் கழுத்தைப் பிடித்தது.

அந்த வருஷம் மணிக்கட்டுக்கு ஒரு தரம், மறுபடியும் அடிபட்ட கட்டை விரலுக்கு ஒரு தரம் என்று அவர் ஏற்கெனவே இரண்டு முறை வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டார். இன்னொரு தரம் ஆட்டத்தில் அடிபட்டு வராமல் போனால் பெயரை அடித்துவிடுவேன் என்று ஷிஃப்ட் அதிகாரி சொல்லியிருந்தார். வேலை போனால் லைன் வீடும் போகும். வீடு கம்பெனியுடையது.

நான்தான் சொன்னேன். இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

"நாளைக்குக் கீழ போ. கல்லு விழுந்துச்சுன்னு சொல்லு."

"எனக்கு அந்தப் பழக்கம் இல்ல மங்கா. இத்தினி விரல் போயிருக்கு, ஒண்ணுக்காவது சொல்லியிருக்கேனா?"

சாதாரணமாக நான் அவரை இன்னாங்க என்றுதான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் யோவ். "யோவ், உன் பழக்கத்தைக் கொண்டுபோய் உலைல போடு. குழந்தையைக் கூட்டிகினு நான் எந்த ரோட்டுல நிக்கறது?" என்று கேட்டேன். அவர் பாயில் போய்ப் படுத்துக்கொண்டார். அப்படிப் படுத்தால் நான் ஜெயித்துவிட்டதாக அர்த்தம்.

திங்கட்கிழமை போனார். கத்தினார். கூட இருந்தவர்கள் கல் விழுந்தது என்றார்கள். டாக்டர் வீக்கத்தைப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கட்டுப் போட்டது கோவிந்தன். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் இவர் காதில் சொன்னாராம்: "கல்லு விழுந்தா தோல் உரியும்டா. உன் தோளு புள்ள கன்னமாட்டம் கீது. எனக்கு இன்னா, நான் கட்டறவன். ஆனா ஒண்ணு, மூணு வாரத்துக்கு இந்தக் கையைத் தலைக்கு மேல தூக்கினியோ, மறுபடியும் கழண்டுக்கும்."

எல்லாம் சரியாக நடந்தது என்று நான் அன்று பாயசம் வைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் வேறொரு ஷாஃப்ட்டில் நிஜமாகவே கூரைப் பாறை இடிந்து இரண்டு பேர் செத்திருந்தார்கள். அதனால் இனி எங்கே எந்தக் கல் விழுந்தாலும் விசாரணை என்று புது உத்தரவு. இடம் எது, அதற்கு மரம் கட்டியவன் யார், அவன் ஏன் பார்க்கவில்லை? எங்கள் கல் விழுந்ததாகச் சொன்ன இடத்துக்கு மரம் கட்டியவர் இன்பராஜ்.

இன்பராஜ் அண்ணன் எங்கள் லைனில் மூன்று வீடு தள்ளி இருந்தார். கீழே கூரை இடியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை. அதைவிடப் பெரிய வேலை தட்டிப் பார்ப்பது. ஒரு இரும்புக் கம்பியால் கூரையைத் தட்டி, சத்தத்தை வைத்துப் பாறையின் குணத்தைச் சொல்வார். ணங் என்றால் நல்ல பாறை. தொப்பென்று சத்தம் வந்தால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, ஆள் போகக் கூடாது. அவர் தட்டிவிட்டுச் சரி என்று தலையாட்டிய இடத்தில் பதினாறு வருஷத்தில் ஒருத்தன் தலையிலும் மண் விழுந்ததில்லை. அவருடைய காதை நம்பித்தான் என் வீட்டுக்காரர் மாதிரி நூறு பேர் கீழே போய்வந்தார்கள்.

அவருக்கு வேலையை நிறுத்தி நோட்டீஸ் வந்தது. விசாரணையில் தப்பு என்று ஆனால் மரம் கட்டுவதற்கான சர்டிபிகேட்டைப் பிடுங்கி வெளியே அனுப்பிவிடுவார்கள். பத்து நாளில் விசாரணை.

அவர் மனைவி சரோஜம்மா மறுநாள் குழாயடியில் எனக்குப் பின்னால் நின்றாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் சண்டை போடவில்லை.

"அக்கா, அந்தக் கல்லு எந்தப் பக்கத்துலருந்து விழுந்துச்சுன்னு உங்க ஊட்டு அண்ணன் எதுனா சொன்னாரா? இவரு சோறு தண்ணி இல்லாம அதையேதான் கேட்டுகினு கீறாரு. எல்லா எடமும் தட்டினேனே, எதை உட்டேன், எதை உட்டேன்னு. அண்ணனுக்கு ரொம்ப வலியான்னு கேட்டுகினு வரச் சொன்னாரு."

குடம் நிரம்புகிறவரை நான் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் கட்டுப்போட்ட கையோடு எழுந்து நின்றார்.

"நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா உன் வேலை போவும்."

"போவட்டும்."

"வூடு போவும்."

"போவட்டும் மங்கா. அவரு காதே போயிடுச்சுன்னு நினைச்சுகினு கீறாரு."

நான் அழுதேன், கத்தினேன், பாத்திரத்தைப் போட்டேன். மூன்று நாள் அவரோடு பேசவில்லை. மேலிருந்து யாராவது சரி செய்துவிடுவார்கள், யூனியன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் கெட்டவள் இல்லை. பயந்தவள்.

நான்காம் நாள் மத்தியானம் இன்பராஜ் அண்ணன் வீட்டுப் பக்கமாகப் போனேன். அவர் கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். கையில் ஒரு கம்பி. துவைக்கிற கல்லைத் தட்டுகிறார், காதைக் கிட்டே கொண்டுபோகிறார். பிறகு சுவரைத் தட்டுகிறார். மறுபடியும் கல். தன்னுடைய காது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். என்னை அவர் பார்க்கவில்லை. நான் அங்கேயே வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்து, "விசாரணைக்குப் போய்ச் சொல்லு. நானும் வரேன்" என்றேன்.

விசாரணை கம்பெனி ஆபீசில். என்னை உள்ளே விடவில்லை. நான் வராந்தாவில் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன், யாரும் விரட்டவில்லை. மேஜைக்குப் பின்னால் எட்மண்ட் துரை. ஆங்கிலோ இந்தியர், பாதுகாப்பு அதிகாரி, இளம் வயதில் குத்துச்சண்டை ஆடியவர். அதனால் வலது கை முஷ்டியில் சுண்டு விரலுக்கு மேல் இருக்கவேண்டிய மேடு உள்ளே போயிருக்கும். பக்கத்தில் டாக்டர், ஓரத்தில் கோவிந்தன். இன்பராஜ் அண்ணன் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றார். அவருடைய சர்டிபிகேட் மேஜைமேல் இருந்தது.

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். கல் விழவில்லை, மரம் கட்டியதில் குறையில்லை, பைனலில் விழுந்ததில் தோள் கழன்றது, பொய் சொன்னேன், மன்னிக்கவேண்டும்.

எட்மண்ட் துரை பேனாவைக் கீழே வைத்தார்.

"யாருக்கு மேன் கதை சொல்றே? அந்த மேட்சை நானும்தான் பார்த்தேன். கடைசி விசில் வரைக்கும் நீ நின்னே. கார்னரை லெஃப்ட்ல பஞ்ச் பண்ணினே, நானே கைதட்டினேன். தோள் கழண்டவன் அப்படி நிப்பானா? உன்னைத் தூக்கிட்டு ஊர்வலம் போனாங்களே. நீங்க ரெண்டு பேரும் ஒரே லைன். ஃப்ரெண்டைக் காப்பாத்த இப்பத்தான் பொய் சொல்றே."

பொய் சொன்னபோது ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை!

"வலது கையைத் தூக்க முடியாமத்தான் சார் லெஃப்ட்ல குத்துனேன்."

"பார்த்தவன் யாராவது இருக்கானா?"

"யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் சார் திரும்பி நின்னேன்."

கோவிந்தன் ஓரத்திலிருந்து தொண்டையைச் செருமினார். "சார், அன்னைக்குத் தோல்ல ஒரு கீறலும் இல்ல சார்."

"சட்டை மேலே விழுந்தா கீறல் இருக்காது" என்றார் துரை. "அன்னிக்கே ஏன் சொல்லலை?"

"என்னை யாரும் கேக்கலியே சார்."

டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். துரை பேனாவை மறுபடியும் எடுத்தார். இன்பராஜ் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டார். அவர் கதை அதோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் பல்லால் முடிச்சை அவிழ்த்துக் கட்டைப் பிரித்துப் போட்டார்.

"மேலருந்து கல்லு விழுந்தா தோளு கீழ இடிபடும் சார். எலும்பு முறியும். என்னுது அப்படிப் போவல. எப்படிப் போச்சுன்னு காட்டறேன். பாருங்க."

அவர் என்ன செய்யப்போகிறார் என்று அந்த அறையில் முதலில் புரிந்தது கோவிந்தனுக்கு. "டேய் வேணாண்டா!" என்று எழுந்தார். ஜன்னலுக்கு வெளியே எனக்கும் புரிந்துவிட்டது. அதற்குள் அவர் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அன்றைக்குப் பந்துக்கு நீட்டினாரே அப்படியே நீட்டி, பின்பக்கமாக முறுக்கி உடம்பைத் திருப்பினார். சத்தம் வராந்தாவரை கேட்டது.

தோளின் உருண்டை காணாமல் போய்விட்டது. அந்த இடம் சதுரமாக, பெட்டியின் மூலைபோல் துருத்திக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வேர்வை கொட்டியது. விழவில்லை. சுவரைக்கூடப் பிடிக்கவில்லை.

"இப்ப எழுதுங்க சார்" என்றார்.

டாக்டர் ஓடிவந்து தொட்டுப் பார்த்தார். "இது கல் விழுந்த அடி இல்லை எட்மண்ட். கை தலைக்கு மேலே இருக்கும்போது பின்னால் முறுக்கினால்தான் மூட்டு இந்தப் பக்கம் வரும். ஒரு தரம் வந்த மூட்டுதான் இவ்வளவு சுலபமாகத் திரும்பவும் வரும்."

அப்போதுதான் இன்பராஜ் அண்ணன் வாயைத் திறந்தார். தூக்கத்தில் பேசுகிறவரைப்போல மெதுவாகப் பேசினார்.

"அந்த எடத்துல கூரை அஞ்சடிதான் சார். குனிஞ்சுதான் வண்டி தள்ளணும். யாரும் கையைத் தலைக்கு மேல தூக்கவே முடியாது."

டாக்டரும் கோவிந்தனும் என் வீட்டுக்காரரைத் தரையில் படுக்கவைத்தார்கள். கோவிந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு, அக்குளில் காலை முட்டுக் கொடுத்துக் கையை நிதானமாக இழுத்தார். மூட்டு உள்ளே போனது. துரை தன்னுடைய உள்ளே போன முஷ்டியைத் தடவிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மேன் உனக்கு இந்தப் பொய்யைச் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல சார். எனக்கேதான் தோணுச்சு."

எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "பொய்! அதுவும் பொய் சார்! நான்தான் சொன்னேன். அவரு வேணாம்னுதான் சொன்னாரு. அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க!"

துரை திரும்பி என்னைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குக் கம்பெனி வேலையே குடுக்கலையே. எங்கேயிருந்து உங்களை அனுப்பறது?" என்றார். கோவிந்தன் சிரித்துவிட்டார். பாவி, அந்த நேரத்தில் சிரிக்கிறார்!

இன்பராஜ் அண்ணன்மேல் குற்றமில்லை என்று எழுதி சர்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரருக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். அதற்குப் பிறகு கீழே வேலை கிடையாது, மேலே லேம்ப் ரூமில் விளக்கு எடுத்துக் கொடுக்கவேண்டும். சம்பளம் குறைவு. வீடு தப்பியது. நான் குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டதில் பாதிதான் கிடைத்தது, அந்தப் பாதியே போதும்.

வராந்தாவில் இன்பராஜ் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தார்.

"அப்ப கல்லு இல்லியா சம்பங்கி?"

"இல்லண்ணே."

"ஒண்ணுமே விழலியா?"

"விழலண்ணே."

அவர் மூச்சை விட்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. "பத்து நாளு தேடினேண்டா" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

பிறகு பதினான்கு மாதம் அவர் எங்களோடு பேசவில்லை. தினமும் லேம்ப் ரூம் ஜன்னலுக்கு வருவார், டோக்கனை வைப்பார். இவர் விளக்கைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டுவார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போவார். அது நியாயம்தான். திட்டியிருந்தால்கூட எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு அந்த வருஷம் இரண்டு வேலை. விளக்குக் கொடுப்பது ஒன்று, தோளை நிறுத்துவது ஒன்று. கோவிந்தன் சொன்னபடி முதலில் ஒன்றரை மாதம் கட்டை அவிழ்க்கவே இல்லை. பிறகு சுவருக்கு எதிரே நின்று விரல்களால் சுவரில் ஏறவேண்டும், ஒவ்வொரு விரலாக, பல்லி போகிற வேகத்தில். எவ்வளவு உயரம் போனதோ அங்கே கரியால் ஒரு கோடு. மறுநாள் அதற்கு மேலே ஒரு கோடு. சில வாரம் கோடு நகரவே நகராது. அவர் காலையில் ஒரு தரம், ஷிஃப்ட் முடிந்து வந்து ஒரு தரம் ஏறிக்கொண்டே இருப்பார். கதவில் சைக்கிள் டியூபைக் கட்டி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு இழுப்பார். நூறு. பிறகு இருநூறு. டியூப் அறுந்து முகத்தில் அடித்ததும் உண்டு. அன்றைக்கும் இன்னொரு டியூப் வாங்கிக்கொண்டு வந்து மிச்சத்தை இழுத்துவிட்டுத்தான் சாப்பிட்டார். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அந்தக் கரிக்கோடு இருந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தேன்.

"இன்னாத்துக்கு இந்தப் பாடு?" என்று ஒரு தரம் கேட்டேன். "கீழதான் வேலை இல்லியே. லேம்ப் எடுத்துக் குடுக்க இந்தக் கை போதாதா?"

"என் ஒடம்புல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா அதை நானே சரி பண்ணணும் மங்கா" என்றார். தோளை மட்டும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அறுபத்தெட்டாம் வருஷக் கடைசியில் டீமில் மறுபடியும் அவரை நிறுத்தினார்கள். லைனே வந்திருந்தது. வேறு யாரும் அகப்படவில்லை என்பதால்தான் நிறுத்தினார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இன்பராஜ் அண்ணனும் வந்திருந்தார். கோலுக்குப் பின்னால் தனியாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் பாதியில் பந்தெல்லாம் தாழ்வாக வந்தது. இரண்டாவது பாதியில் வந்தது அது. அதே வலது மூலை, அதே உயரம். அவர் யோசிக்கவே இல்லை. பாய்ந்தார், கை தலைக்கு மேலே முழுசாக நீண்டது, பந்து விரலில் பட்டுக் கம்பத்துக்கு மேலே போனது. அவர் சரளையில் தொம்மென்று விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

கோவிந்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்தார். அவருக்கு முன்னால், கோலுக்குப் பின்னாலிருந்து இன்பராஜ் அண்ணன் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். ரெஃப்ரி விசில் ஊதியதை அவர் காதில் வாங்கவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்தார். விரலை மடக்கி என் வீட்டுக்காரரின் வலது தோளில் மூன்று இடத்தில் தட்டினார். மேலே ஒன்று, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. காதைக் கிட்டே கொண்டுபோனார். கீழே கூரைக்கு எப்படிச் செய்வாரோ அப்படி.

நானும் குழந்தையோடு ஓடிப்போயிருந்தேன். அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

"நல்லாத்தான் நிக்குது. ஒண்ணும் உட்டுப்போவல. சொம்மா பயந்துகினு படுத்திருக்கான். ஏந்திருடா சம்பங்கி."

இவர் கண்ணைத் திறந்தார். "நெசமா நிக்குதாண்ணே?"

"நான் தட்டிச் சொல்றேன். ஏந்திரு."

அவர் எழுந்து நின்று சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார். கார்னர் அடிக்க அவர்கள் பந்தைக் கொண்டுபோய் வைத்தார்கள். இன்பராஜ் அண்ணன் கோலுக்குப் பின்னால் பழைய இடத்துக்கே திரும்பிப் போய் நின்றுகொண்டார்.